மலையில் இருந்துகொண்டு கம்பைல் செய்ய: எந்தக் கணினிக்கு எவ்வளவு ரேம், எவ்வளவு நேரம், எவ்வளவு கரண்ட்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ப்ளஸ் டூ படிக்கும்போது கிடைத்த விலையில்லா லேப்டாப்: 2 கோர், 4 ஜிபி ரேம். கோவையில் பழையதாக வாங்கிய டெஸ்க்டாப்: 6 கோர், 16 ஜிபி. தேயிலைத் தோட்டத்து மழைமானிக்காக வாங்கிய ராஸ்பெரி பை 4, அதில் 4 ஜிபி. இந்த மூன்றிலும் லினக்ஸின் மையமான கெர்னலையும் சில பெரிய பேக்கேஜ்களையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப் போய் (மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவதுதான் கம்பைல்), பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அதிலேயே போனது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான்கு நாளில் முடிந்திருக்கும் வேலை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

டெர்மினல் திறக்கவும், லினக்ஸில் ஒரு பேக்கேஜை நிறுவவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கம்பைல் செய்யத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

மிச்சமாகும் நேரத்தில் பாதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கெர்னலில் ஒரு டிரைவரைச் சேர்க்க வேண்டும், ஒரு திருத்தத்தைச் சோதிக்க வேண்டும், நீங்களே அந்த மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறீர்கள் என்றால் கம்பைல் செய்வதைத் தவிர வழியில்லை. 'வேகமாக ஓடுமாம்' என்று யாரோ சொன்னதற்காக மட்டும் பிரவுசரைக் கம்பைல் செய்ய உட்காராதீர்கள்.

எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டும் லினக்ஸ் வகையான ஜென்டூகூட 2023 டிசம்பர் முதல் ஆயத்த பேக்கேஜ்களை அதிகாரபூர்வமாகத் தருகிறது. ரஸ்ட், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றுக்கும் அங்கே ஆயத்த வடிவம் தனியாகவே உண்டு. ராஸ்பெரி பையில் பைத்தான் நூலகங்கள் வேண்டுமென்றால் பைவீல்ஸ் என்ற சேவை கம்பைல் செய்தே வைத்திருக்கிறது.

நீங்கள் கட்டப்போகும் மென்பொருளின் ஆவணம் என்ன கேட்கிறது என்பதையும் முதலிலேயே படியுங்கள். குரோமியம் பிரவுசருக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், 16-க்கு மேல் இருந்தால் நல்லது, டிஸ்க்கில் 100 ஜிபி காலியிடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு முழுவதையும் கட்டுவதற்கு 64 ஜிபி ரேமும் 400 ஜிபி இடமும். நான் 4 ஜிபி லேப்டாப்பில் குரோமியத்தைத் தொடங்கியது அந்தப் பக்கத்தைப் படிக்காமல்தான்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம். அதில் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: கோர் எத்தனை, ரேம் எவ்வளவு, டிஸ்க்கில் காலியிடம் எவ்வளவு. கோர் எண்ணிக்கைக்கு எல்எஸ்சிபியூ கட்டளையைப் பயன்படுத்துங்கள். என்ப்ராக் கட்டளை சொல்வது த்ரெட் எண்ணிக்கை. 2 கோர் உள்ள லேப்டாப்பில் அது 4 என்று காட்டக்கூடும். அந்த 4, நான்கு கோருக்குச் சமமில்லை.

இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு, அதாவது கெர்னலில் எவையெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல், பூட் அடைவில் இருக்கும். அதை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

ரேம் கூட்டும் எண்ணம் இருந்தால் பில், வாரண்டி அட்டை இரண்டையும் தேடி எடுங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி நிற்குமா என்பதை அட்டையிலேயே பாருங்கள். காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை டிஎம்ஐடிகோட் கட்டளை சொல்லிவிடும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸ்லாட்டே இருக்காது. இதைப் பார்க்காமல் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், ரேம் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தால் ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

3. ரேமை 2-ஆல் வகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

மூலநிரலைக் கட்டும் மேக் கட்டளையில் 'ஜே' என்று ஒரு எண் கொடுப்போம். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைக் கம்பைல் செய்யலாம் என்பது அது. 'கோர் எத்தனையோ அத்தனை கொடு' என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கும். அந்த அறிவுரை பாதிதான் சரி. ஒவ்வொரு வேலைக்கும் 2 ஜிபி ரேம் ஒதுக்க வேண்டும் என்பது ஜென்டூ கையேடே சொல்லும் கணக்கு. ஆகவே கோர் எண்ணிக்கை, ரேமை 2-ஆல் வகுத்து வரும் எண், இந்த இரண்டில் எது சிறியதோ அதைக் கொடுங்கள். என் லேப்டாப்பில் 4 ஜிபி, அதனால் ஜே 2. டெஸ்க்டாப்பில் 16 ஜிபி. வகுத்தால் 8 வரும், ஆனால் கோர் 6-தான், அதனால் ஜே 6.

கெர்னல் சி மொழியில் எழுதியது. ஒரு கோப்புக்கு அவ்வளவு ரேம் தேவைப்படாது, கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கலாம். சி பிளஸ் பிளஸில் எழுதிய பெரிய பேக்கேஜ்களில்தான் கறாராக இருக்க வேண்டும். எல்எல்விஎம் (கம்பைலர் தொகுப்பு), வெப்கிட் (பிரவுசர் எஞ்சின்), குரோமியம் எல்லாம் அந்த வகை.

ரேம் போதாமல் போனால் திரையில் 'கில்ட்' என்ற சொல்லும் 'சிசி1பிளஸ்' என்ற பெயரும் ஒரே வரியில் வரும். மூலநிரலில் பிழை என்று நினைத்து நான் இரண்டு நாள் தேடினேன். பிழை நிரலில் இல்லை. ரேம் தீர்ந்ததும் கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜே எண்ணைப் பாதியாக்கிவிட்டு மறுபடி அதே கட்டளையைக் கொடுங்கள். முடிந்த கோப்புகள் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த இடத்தில் விழக்கூடிய குழிகள்:

- ஜே என்று மட்டும் போட்டு எண்ணை விட்டுவிட்டால், மேக் அளவே இல்லாமல் வேலைகளைத் தொடங்கிவிடும். கணினி உறைந்து நிற்கும், மவுஸ்கூட நகராது.
- மேக் போன்ற இன்னொரு கருவியான நின்ஜாவில் நீங்கள் எண் கொடுக்காவிட்டால் அது த்ரெட் எண்ணிக்கையோடு 2 கூட்டி எடுத்துக்கொள்ளும். ரேம் குறைந்த கணினிக்கு அது தாங்காது. எண்ணை நீங்களே கொடுங்கள்.
- ஃபெடோராவிலும் டெபியன் 13-லும் டெம்ப் அடைவு டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. மூலநிரலை அங்கே விரித்து வேலை செய்தால் இருக்கிற ரேமையும் அதுவே தின்றுவிடும். ஹோம் அடைவில் செய்யுங்கள்.
- எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்க் நேரத்தில் விழுந்தால், லிங்கருக்கு ரேம் போதவில்லை. எல்எல்விஎம்மில் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையைத் தனியாகக் குறைக்க அமைப்பு உண்டு. 1 என்று வையுங்கள். அங்கேயே ரிலீஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, இலக்கு எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி பிராசசர் வகை) மட்டும் என்று சொல்லிவிட்டால் நேரமும் இடமும் வெகுவாகக் குறையும்.
- நிஜமாகவே நிரலில் பிழை என்றால், பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது அந்த வரி மேலே போய் மறைந்துவிடும். ஜே 1 கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள், பிழை கடைசி வரியில் நிற்கும்.

ரேம் போதாதபோது டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப் இருக்கிறதே என்று நம்பி ஜே எண்ணைக் கூட்டாதீர்கள். சாதா ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப்புக்குள் போன கம்பைல், அரை மணி நேர வேலையை அரை நாளாக இழுத்துவிடும். இசட்ரேம் பரவாயில்லை, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

4. பதிவிறக்கம்

நம் ஊரில் பல வீடுகளில் இணையம் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு 2 ஜிபி, அதுவும் மேகம் இறங்கினால் சிக்னல் ஊசலாடும். கெர்னலின் முழு வரலாற்றையும் கிட் மூலம் இழுத்தால் பல ஜிபி போகும். நடுவில் இணைப்பு அறுந்தால் கிட் குளோன் தொடராது, முதலிலிருந்துதான். சுருக்கிய டார் கோப்பு 150 எம்பி அளவுதான். டபிள்யூகெட்டில் 'தொடர்' என்ற தேர்வைக் கொடுத்து இறக்கினால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி வரும். நிரலின் வரலாறு உங்களுக்குத் தேவையில்லை என்றால் டார் கோப்பே போதும்.

5. உங்கள் கணினியின் அளவுகோலைக் கண்டுபிடியுங்கள்

'இந்த பேக்கேஜ் எவ்வளவு நேரம் எடுக்கும்?' என்று கேட்டால் யாராலும் நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அவருடைய கணினி வேறு, உங்களுடையது வேறு. லினக்ஸை முதலிலிருந்தே கட்டச் சொல்லித்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் கையேட்டில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. பின்யூட்டில்ஸ் என்ற முதல் பேக்கேஜ் உங்கள் கணினியில் ஒரு கோரில் எடுக்கும் நேரத்தை ஒரு அலகாக வைத்துக்கொள்ள வேண்டும், அதை எஸ்பியூ என்கிறார்கள். மற்ற பேக்கேஜ்கள் எத்தனை எஸ்பியூ என்று கையேட்டில் போட்டிருக்கும். உங்களுக்கு ஒரு எஸ்பியூ 4 நிமிடம் என்றால், 4.5 எஸ்பியூ என்று போட்டிருக்கும் பேக்கேஜ் ஏறக்குறைய 18 நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. படி நெல்லுக்கு இவ்வளவு நேரம் என்று தெரிந்தால் மூட்டைக்குச் சொல்லிவிடலாம் இல்லையா, அது போல.

கம்பைல் கட்டளைக்கு முன்னால் டைம் கட்டளையைச் சேருங்கள். முடிவில் 'ரியல்', 'யூசர்', 'சிஸ்' என்று மூன்று எண்கள் வரும். யூசரை ரியலால் வகுத்தால் உண்மையில் எத்தனை கோர் வேலை செய்தது என்பது தெரியும். 6 கோர் கணினியில் 5.5 வந்தால் நன்றாக ஓடுகிறது. 2 வந்தால் எங்கோ டிஸ்க்குக்கோ ரேமுக்கோ காத்துக்கிடக்கிறது.

கோர் இரட்டித்தால் நேரம் பாதியாகும் என்று நம்பி காசு போடாதீர்கள். ஆண்ட்ராய்டின் ஆவணத்திலேயே கணக்கு இருக்கிறது: 64 ஜிபி ரேமோடு 72 கோர் உள்ள கணினியில் முழுக் கட்டுமானம் சுமார் 40 நிமிடம், அதே அளவு ரேமோடு 6 கோர் கணினியில் சுமார் 6 மணி நேரம். கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. லிங்க் போன்ற சில வேலைகளைப் பங்கு போட முடியாது, அதனால்தான்.

என் நோட்டில் உள்ள கெர்னல் கணக்கு, உங்களுக்கு ஒரு மதிப்பு கிடைக்கட்டும் என்று: டெபியன் தரும் முழு கான்ஃபிக், லேப்டாப்பில் 7 மணி நேரம், டெஸ்க்டாப்பில் 50 நிமிடம். தேவையான மாட்யூல் (சாதன டிரைவர் போன்ற தனித் துண்டு) மட்டும் என்றால் லேப்டாப்பில் 50 நிமிடம், டெஸ்க்டாப்பில் 8 நிமிடம்.

6. கரண்ட், சூடு, ஈரம்

செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. என் லேப்டாப் முழு வேகத்தில் 35 வாட், 7 மணி நேரத்துக்குக் கால் யூனிட். டெஸ்க்டாப் 120 வாட், 50 நிமிடத்துக்குப் பத்தில் ஒரு யூனிட். அதாவது, பழைய லேப்டாப் கரண்ட் குறைவாகச் சாப்பிடும் என்று நினைப்பது தவறு. வேகமான கணினி சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஆனால் தினமும் 8 மணி நேரம் டெஸ்க்டாப்பை ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 58 யூனிட் கூடும். இலவச 100 யூனிட்டைத் தாண்டி மேல் அடுக்குக்குப் போகிற வீடு என்றால் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய பிரச்சினை கரண்ட் போவதுதான். மழையும் காற்றும் சேர்ந்தால் எங்காவது ஒரு சீகை மரம் கம்பி மேல் சாய்ந்துவிடும், விடியும்வரை வராது. இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதா மோடில் மாறுவதற்கு எடுக்கும் அந்தச் சிறு இடைவெளியிலேயே டெஸ்க்டாப் அணைந்து மறுபடி எழும். எங்கள் வீட்டில் அதைச் சரிசெய்த பிறகும் ஒருமுறை நின்றது. கரண்ட் இல்லாதது தெரியாமல் காலையில் அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போட, இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் விழுந்துவிட்டது. அதிலிருந்து பெரிய கம்பைல் ஓடினால் சமையலறையில் சொல்லிவிடுவேன், "இன்னும் அரை மணி நேரம்மா" என்று. அம்மாவும் அம்மியை எடுத்துக்கொள்வார்.

அப்படித் திடீரென்று அணைந்த பிறகு மேக்கை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் தொடரும். ஆனால் ஒரு ஆபத்து உண்டு. அணையும் நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு (ஒரு மூலக்கோப்பு கம்பைல் ஆகி வருவது), பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் கிடக்கலாம். மேக் அதை 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். கடைசியில் லிங்க்கர் 'கோப்பின் வடிவம் புரியவில்லை' என்று நிற்கும். எனக்கு வந்தது மூன்று கோப்புகள், மூன்றும் 0 பைட். ஃபைண்ட் கட்டளையில் அளவு 0 உள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி, அவற்றை மட்டும் அழித்துவிட்டு மேக்கை ஓட்டுங்கள். 'கிளீன்' கொடுத்து மொத்தத்தையும் துடைத்துவிடாதீர்கள், நான் முதல் தடவை அப்படித்தான் ஆறு மணி நேர வேலையை இழந்தேன்.

லேப்டாப் மூடியை மூடினால் தூங்கப் போய்விடும். சிஸ்டம்டி இன்ஹிபிட் கட்டளையில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற தேர்வையும் கொடுத்து, அதோடு சேர்த்து ஓட்டினால் வேலை முடியும்வரை தூங்காது. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஓட்டுகிறீர்கள் என்றால் டீமக்ஸுக்குள் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் கம்பைல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

மலைக் குளிர் கணினிக்கு நல்லதுதான். ஆனால் குளிருக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடியில் லேப்டாப்பை வைப்போம் பாருங்கள், அதுதான் கெடுதல். அடியில் காற்றுப் போகும் வழி அடைபட்டு, சூடு ஏறி, பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே பேக்கேஜ் மேசையில் 4 நிமிடம், கம்பளி மேல் 6 நிமிடத்துக்கு மேல். சென்சார்ஸ் கட்டளையில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மார்கழிப் பனியில் வெளியிலிருந்து கொண்டுவந்த கணினியை உடனே போடாதீர்கள். சூடான அறைக்குள் வந்ததும் உள்ளே நீர் கோக்கும். ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

7. கெர்னல் என்றால் இவற்றைச் செய்யுங்கள்

டெபியன், உபுண்டுவின் கான்ஃபிக்கில் உலகத்தில் உள்ள அத்தனை சாதனங்களுக்கும் மாட்யூல் இருக்கும். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற இலக்கு, இப்போது உங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளும். 7 மணி நேர வேலை 50 நிமிடமாகக் குறைந்தது இதனால்தான்.

அதை ஓட்டுவதற்கு முன் பிரிண்டர், பென் டிரைவ், வெளி வைஃபை, யூஎஸ்பி கேபிளில் இணைக்கும் போன் என்று நீங்கள் எப்போதாவது செருகும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். நான் போனைச் செருக மறந்தேன். புது கெர்னல் நன்றாக எழுந்தது. இணையம் மட்டும் இல்லை, ஏனென்றால் எனக்கு இணையம் வருவதே அந்தக் கேபிள் வழியாகத்தான்.

அடுத்து, பிழை தேடுவதற்கான டீபக் தகவல் சேர்ப்பதை நிறுத்துங்கள். அது இருந்தபோது கட்டும் அடைவு 20 ஜிபியைத் தாண்டி என் டிஸ்க்கை நிரப்பிவிட்டது. நிறுத்திய பிறகு சில ஜிபியில் முடிந்தது.

உபுண்டு கான்ஃபிக்கை எடுத்தால் தொடக்கத்திலேயே 'கனானிக்கல் சர்ட்ஸ்' என்ற கோப்பு இல்லை என்று நிற்கும். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரிவோகேஷன் கீஸ் இரண்டின் மதிப்பையும் வெறுமையாக்குங்கள். போதும்.

ஒரே நிரலைத் திருத்தித் திருத்திக் கம்பைல் செய்பவர் என்றால் முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் சிகேஷ் கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், பலன் இரண்டாவது தடவையிலிருந்துதான். அதன் இயல்பான அளவு 5 ஜிபி, பெரிய திட்டத்துக்குக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு முறை கம்பைல் செய்பவருக்கு இது தேவையே இல்லை.

8. ராஸ்பெரி பை

பையிலேயே கெர்னலைக் கம்பைல் செய்ய முடியும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. டெஸ்க்டாப்பில் கிராஸ் கம்பைலர் (வேறு வகைப் பிராசசருக்காகக் கட்டும் கம்பைலர்) நிறுவிச் செய்தபோது 13 நிமிடம். வழிமுறை ராஸ்பெரி பையின் ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது. வேறு கணினி இருந்தால் பையை விட்டுவிடுங்கள்.

பையில்தான் செய்ய வேண்டும் என்றால் சார்ஜரைக் கவனியுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்ட் இறங்கி வேகம் குறையும். சூடு 80 டிகிரியைத் தொட்டாலும் குறையும், ஒரு சின்ன ஃபேன் போதும். எஸ்டி கார்டில் ஸ்வாப் வைத்துக் கம்பைல் செய்யாதீர்கள், கார்டு சீக்கிரம் போய்விடும்.

9. நல்ல கணினி இல்லாதவர்களுக்கு

உங்கள் நிரல் பொதுவில் வைக்கக்கூடியது என்றால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கட்டணம் இல்லாமல் 4 கோர், 16 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் கணினி கிடைக்கும். ஒரு வேலைக்கு 6 மணி நேரம்தான் வரம்பு, டிஸ்க் இடமும் குறைவு. கெர்னலுக்குத் தாராளம், குரோமியத்துக்குப் போதாது. முடிந்த பேக்கேஜை மட்டும் இறக்கிக்கொண்டால் ஹாட்ஸ்பாட் டேட்டாவும் மிச்சம்.

மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கணினியும் எடுக்கலாம். வேலை முடிந்ததும் அணைத்தால் மட்டும் போதாது, டிஸ்க்கோடு சேர்த்து நீக்குங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் இரண்டு கணினி இருந்தால் டிஸ்ட்சிசி என்ற கருவி கம்பைல் வேலையை இரண்டுக்கும் பங்கு போடும். இரண்டிலும் கம்பைலர் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். வைஃபையில் வேண்டாம், கேபிள் போடுங்கள்.

10. நிறுவும்போது

மாட்யூல்களை நிறுவும்போது 'ஸ்ட்ரிப்' தேர்வைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆகும்போது முதலில் ஏற்றப்படும் தொடக்க ராம்டிஸ்க் கோப்பு பெருத்துப் பூட் பகுதி நிறைந்துவிடும். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் கட்டிய கெர்னல் எழாது; கையொப்பமிட வேண்டும், அல்லது பயாஸில் போய் நிறுத்த வேண்டும். பழைய கெர்னலை உடனே நீக்காதீர்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர், போன் கேபிள், மூடியை மூடித் திறப்பது, எல்லாவற்றையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, அந்த கான்ஃபிக் கோப்பையும் பென் டிரைவில் போட்டுக்கொண்ட பிறகு நீக்குங்கள்.